பேசத் தயங்கும் பிள்ளைக்கு நிகழ்நிலைப் பயிற்சித் திட்டம்: தெரிவு செய்வதும் வீட்டில் நடத்துவதும்

தெஹிவளையிலிருந்து 100ஆம் இலக்கப் பேருந்தில் பாடசாலைக்கு வரும் தரம் 10 மாணவி ஒருத்தி, தான் இறங்க வேண்டிய இடத்தை ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. வேறு யாராவது பம்பலப்பிட்டியில் இறங்கினால் அவர்களின் பின்னால் இறங்குவாள். யாரும் இறங்காத நாளில் அடுத்த தரிப்பிடம்வரை போய், காலி வீதி வெயிலில் திரும்பி நடந்து, பிந்தி வந்து, பிந்தியதற்கான காரணத்தையும் சொல்லாமல் வாசலில் நிற்பாள். வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாகப் பணிபுரியும் எனக்கு, அவள் சோம்பேறியும் அல்லள், அலட்சியக்காரியும் அல்லள் என்று விளங்கவே பல வாரங்கள் பிடித்தன. அவளும் அவளுடைய தாயும் சம்மதித்ததால்தான் இதை எழுதுகிறேன்.

இந்நிலைக்குச் சமூகப் பதகளிப்பு என்று பெயர். கூச்ச சுபாவம் பல பிள்ளைகளுக்கு உண்டு. புதிய இடத்தில் அரை மணி நேரம் ஒதுங்கி நின்றுவிட்டுப் பிறகு கலந்துவிடும் பிள்ளையைப் பற்றி எவரும் கவலைப்படத் தேவையில்லை. மற்றவர்கள் தன்னை எடைபோடுவார்கள், தான் அவமானப்பட்டுவிடுவேன் என்ற அச்சம் ஆறு மாதங்களாகவோ அதற்கு மேலாகவோ நீடித்து, படிப்பையும் நட்பையும் அன்றாட அலுவல்களையும் தடுக்கும்போதுதான் அது கவனிப்புக்குரிய நோய்நிலையாகிறது. பெரியவர்கள் முன்னால் மட்டும் வாய் திறக்காதிருப்பதை வைத்து அப்படி முடிவு செய்வதில்லை. சம வயதுப் பிள்ளைகளின் நடுவிலும் அந்த அச்சம் இருக்க வேண்டும். பெரும்பாலும் இது 8 வயதுக்கும் 15 வயதுக்கும் இடையில் தலைகாட்டுகிறது. எங்கள் வீடுகளில் இதைக் கண்டுகொள்ளப் பிந்துவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. பேசாத பெண் பிள்ளையை அடக்கமானவள் என்று மெச்சுகிறோம். பேசாத ஆண் பிள்ளைக்குத் தலைக்கனம் என்கிறோம். இரண்டு பெயருக்கும் பின்னால் பிள்ளையின் அச்சம் மறைந்துபோகிறது.

நேருக்கு நேர் இருந்து கதைப்பதே பயமாக இருக்கும் பிள்ளையை, முன்பின் தெரியாத உளவளத்துணையாளர் ஒருவரின் முன்னால் முதல் நாளிலேயே இருத்துவது எளிதன்று. திரையில் வாசித்து, எழுதி, தன் வேகத்தில் நகரும் நிகழ்நிலைத் திட்டம் அந்த முதல் படியைத் தாழ்த்திக் கொடுக்கிறது. ஆனால் அதே திரை ஒளிந்துகொள்ளும் இடமாகவும் மாறலாம். 2020இல் பாடசாலைகள் மூடப்பட்டு வகுப்புகள் கைத்தொலைபேசிக்கு வந்தபோது, இப்படிப்பட்ட பிள்ளைகள் கமராவை அணைத்துவிட்டு மிக நிம்மதியாக இருந்தார்கள். பாடசாலை திறந்தபோது அவர்களின் அச்சம் முன்னையதைவிடக் கூடியிருந்ததை நான் கண்டேன். எனவே ஒரு திட்டத்தைப் பார்த்ததும் நான் கேட்கும் முதற் கேள்வி, இது பிள்ளையை அறைக்கு வெளியே அனுப்புகிறதா என்பதே.

இக்கேள்விக்கு ஆய்வுகளிலும் ஆதாரம் உண்டு. சுவீடனில் 10 முதல் 17 வயதுவரையான 103 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு 2021இல் வெளியான ஆய்வொன்றில், ஒரு பகுதியினருக்கு இணையவழி அறிகை நடத்தைச் சிகிச்சையும் (அச்சத்தை வளர்க்கும் எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சிகிச்சை), மறு பகுதியினருக்கு இணையவழியாகவே ஆதரவான ஆலோசனையும் 10 வாரங்கள் வழங்கப்பட்டன. இரு பகுதியினருக்கும் சிகிச்சையாளரின் துணை இருந்தது. ஆயினும் அஞ்சும் சூழ்நிலைகளைப் படிப்படியாக எதிர்கொள்ளச் செய்த அறிகை நடத்தைச் சிகிச்சையே கூடிய பலன் தந்தது. அன்பான வார்த்தை மட்டும் போதாது, செய்து பார்க்க வேண்டும் என்பதே நான் இதிலிருந்து எடுத்துக்கொண்டது. அவுஸ்திரேலியாவில் 8 முதல் 17 வயதினருக்கென உருவாக்கப்பட்ட பிரேவ் திட்டமும், சிட்னியின் மக்குவாரி பல்கலைக்கழகம் பதின்ம வயதினருக்கென உருவாக்கிய சில்ட் அவுட் திட்டமும், ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தினர் சமூகப் பதகளிப்புக்கென்றே வடிவமைத்த 14 வாரத் திட்டமும் இதே வழியில் அமைந்தவை. இவற்றுட் சில அந்தந்த நாட்டுப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்லது ஆய்வுகளுக்குள் மட்டும் கிடைப்பவை. கட்டணம் கட்டுமுன் இலங்கையிலிருந்து சேர முடியுமா என்று எழுதிக் கேளுங்கள். அங்ஸைட்டி கனடா என்ற அமைப்பின் மைண்ட்ஷிஃப்ட் செயலியும், மேற்கு அவுஸ்திரேலிய அரசின் உளநல நிலையமொன்று இணையத்தில் இலவசமாக வைத்திருக்கும் பயிற்சித் தாள்களும் தொடங்குவதற்கு உதவுபவை. அத்தாள்கள் பெரியவர்களுக்கென எழுதப்பட்டவை. 15, 16 வயதுப் பிள்ளைக்கு ஒருவர் கூட இருந்து விளக்கினால் பொருந்தும்.

தெரிவு செய்யும்போது, திட்டத்தை உருவாக்கியவர்கள் யார், அது பிள்ளைகளிடம் சோதித்துப் பார்க்கப்பட்டதா, வாரத்துக்கு ஒரு தடவையாவது பயிற்சி பெற்ற ஒருவர் பிள்ளையின் பதில்களை வாசித்து எழுதுகிறாரா அல்லது அழைக்கிறாரா, பெற்றோருக்கென்று தனிப் பகுதி உண்டா, பிள்ளை எழுதுவதை வேறு யார் பார்க்க முடியும் என்பவற்றை விசாரியுங்கள். ஏழு நாளில் தன்னம்பிக்கை தருவதாகச் சொல்லும் காணொளிகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். மூச்சுப் பயிற்சியும் மெல்லிசையும் மட்டுமே உள்ள செயலிகள் தீங்கற்றவைதான், ஆனால் அவை இந்த அச்சத்தின் வேரைத் தொடுவதில்லை.

மொழி ஒரு பெரிய தடை. நான் மேலே சொன்னவற்றுள் எதுவும் தமிழில் எழுதப்பட்டதன்று. தமிழ் மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளையை ஆங்கிலத் திரையின் முன் தனியே விட்டால், அது இன்னொரு தேர்வுத்தாளாகிவிடும். நாங்கள் கையாண்ட வழி எளிமையானது. ஒவ்வொரு பாடத்தையும் தாயோ அக்காவோ நானோ கூட இருந்து வாசித்தோம். அதன் கருத்தைப் பிள்ளை ஒரு நாற்பது பக்கக் கொப்பியில், தான் வீட்டில் கதைக்கும் தமிழில், இரண்டு மூன்று வரிகளாக எழுதினாள். பயம் வரும் கணத்தில் அவளுடைய மனம் பேசும் மொழி தமிழ் என்பதால், மறுமொழியும் தமிழிலேயே இருக்க வேண்டும்.

தொடர்மாடி வீட்டில் இரண்டு அறைகளுக்குள் ஆறு பேர் இருக்கும்போது தனிமை கிடைப்பது அரிது. வாரத்தில் இரண்டு நாள், டியூஷன் இல்லாத நேரத்தில், நாற்பது நிமிடத்தை ஒதுக்கி, அந்த நேரத்தில் தம்பி தங்கைகள் உள்ளே வரமாட்டார்கள் என்று வீட்டார் உறுதி தந்தால் போதும். கொப்பியைப் பிள்ளை காட்டினால் மட்டும் பாருங்கள்.

இனி, அஞ்சும் சூழ்நிலைகளைப் படிப்படியாக எதிர்கொள்ள உதவும் ஏணியைப் பற்றி. இத்தகைய திட்டங்கள் பலவற்றில் இதுவே உயிர்ப்பகுதி என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். பிள்ளை அஞ்சும் சூழ்நிலைகளை எழுதி, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 100 வரை அச்சத்தின் அளவைப் போட்டு, குறைந்ததிலிருந்து கூடியதற்கு அடுக்க வேண்டும். அந்த மாணவியின் ஏணியில், கடையில் ஒரு பேனையின் விலையைத் தமிழில் கேட்பது 20. தாய் பக்கத்தில் நிற்கப் பேருந்தின் மணியை அடிப்பது 30. நடத்துநரிடம் காசு கொடுக்கும்போது இறங்கும் இடத்தின் பெயரைச் சொல்வது 45. தனியாகப் பயணம் செய்து, இறங்க வேண்டும் என்று சிங்களத்தில் உரக்கச் சொல்வது 70. வகுப்பில் எழுந்து நின்று மூன்று நிமிடம் உரையாற்றுவது 95. கொழும்பில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் பலரின் ஏணியில் சிங்களம் பேசுவது தனிப் படியாக வருகிறது. தங்கள் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிப்பார்களோ என்ற அச்சம் வெளிநாட்டுத் திட்டங்கள் எதிலும் எழுதப்பட்டிருக்காது. அதை நீங்கள்தான் சேர்க்க வேண்டும்.

ஒவ்வொரு படிக்கும் முன்னால், என்ன நடக்கும் என்று நினைக்கிறாள் என்பதை எழுதச் செய்யுங்கள். 45ஆம் எண் படிக்கு அவள் எழுதியது இது: "நடத்துநருக்கு விளங்காது. திரும்பக் கத்திக் கேட்பார். முழு பஸ்ஸும் என்னைத் திரும்பிப் பார்க்கும்." மறுநாள் காலையில் நடத்துநருக்கு உண்மையிலேயே கேட்கவில்லை; திரும்பவும் கேட்டார். அவள் இரண்டாம் தடவையும் "பம்பலப்பிட்டி" என்றாள். மிச்சக் காசு கைக்கு வந்தது. எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எண்ண வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தேன். தன்னுடைய புத்தகப் பை இடித்ததால் ஒரு பாட்டி மட்டும் திரும்பினார் என்று கொப்பியில் எழுதியிருந்தாள். அஞ்சியதில் பாதி நடந்தே விட்டது, ஆனாலும் அதைத் தாங்க முடிந்தது. எல்லாம் சுமுகமாக முடியும் நாளைவிட இப்படிப்பட்ட நாள் பிள்ளைக்குக் கூடுதலாகக் கற்றுக்கொடுக்கிறது. அதே படியை அச்சம் குறையும்வரை பல தடவை செய்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனோம்.

படிகளில் ஏறும்போது ஒளிவுமறைவுகளைக் கவனியுங்கள். முகத்தை முடியால் மறைப்பது, சொல்லப்போகும் வசனத்தைப் பத்துத் தடவை மனதுக்குள் ஒத்திகை பார்ப்பது, கைத்தொலைபேசியை வாசிப்பதுபோல் பாவனை செய்வது போன்றவை பிள்ளைக்குக் கவசமாகத் தோன்றும். ஆனால் தப்பியது கவசத்தால்தான் என்று அவள் எண்ணிக்கொள்வதால் அச்சம் அப்படியே தங்கிவிடுகிறது. ஒரே செயலை, ஒரு தடவை தன்னுடைய குரலையும் கை நடுக்கத்தையும் கவனித்தபடியும், மறு தடவை எதிரில் இருப்பவர் சொல்வதைக் கவனித்தபடியும் செய்து ஒப்பிடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடப் பேச்சைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்வதும் நல்லது. பார்ப்பதற்கு முன், தான் எவ்வளவு நடுங்குவதாகத் தெரியும் என்று மதிப்பெண் போட வேண்டும். பிறகு முன்பின் தெரியாத ஒரு பிள்ளையைப் பார்ப்பதுபோல் அந்தப் பதிவைப் பார்க்க வேண்டும். உள்ளே உணர்ந்த நடுக்கத்தில் வெளியே தெரிந்தது எவ்வளவு சிறிது என்பதை அவள் தன் கண்ணாலேயே காண்பாள். பதிவை உடனே அழித்துவிடுங்கள், உறவினர் வட்ஸ்அப் குழுவுக்கு ஒருபோதும் அனுப்பாதீர்கள்.

பெற்றோருக்கு மிகக் கடினமான வேலை, சும்மா இருப்பது. திருமண வீட்டில் ஒரு மாமி "பிள்ளை இப்ப எத்தினையாம் வகுப்பு?" என்று கேட்டால், பிள்ளைக்குப் பதிலாக நீங்கள் சொல்லாதீர்கள், பத்து விநாடி மௌனம் நீண்டதாகத் தோன்றும், பொறுத்துக்கொள்ளுங்கள். "ஏன் வாயில பூட்டோ?" என்று கேலி செய்பவரைப் பிள்ளையின் முன்னாலேயே மரியாதையாகத் தடுங்கள். பெறுபேற்றைப் பாராட்டாமல் முயற்சியைப் பாராட்டுங்கள்.

பாடசாலைக்குப் போகவே மறுப்பது, உண்ணாமலும் உறங்காமலும் இருப்பது, தன்னைக் காயப்படுத்துவது, வாழ விருப்பமில்லை என்று சொல்வது ஆகியவற்றுள் ஒன்று தெரிந்தாலும் நிகழ்நிலைத் திட்டத்துக்காகக் காத்திராமல் உடனே மருத்துவரிடம் செல்லுங்கள். தேசிய மனநல நிறுவனத்தின் உதவி இலக்கமான 1926ஐ அழைக்கலாம். 1333 என்ற ஆலோசனை இலக்கமும் உண்டு. பொரளை சீமாட்டி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் பிள்ளைகளுக்கான உளநலச் சேவை உள்ளது. போகும்போது அந்தக் கொப்பியையும் கொண்டுபோங்கள்; மருத்துவர் முன் பிள்ளை பேசாவிட்டாலும் அதில் எழுதியிருப்பதைக் காட்டலாம்.

நீண்ட விடுமுறைக்குப் பின் அச்சம் திரும்ப வருவது வழமை. டிசம்பர் விடுமுறை முடிந்து முதல் வாரத்தில் அந்த மாணவி மறுபடியும் ஒரு தரிப்பிடம் தாண்டிப் போய்த் திரும்பி நடந்து வந்தாள். ஏணியில் இரண்டு படி கீழே இறங்கி, மணி அடிப்பதிலிருந்து தொடங்கினோம். எட்டு நாளில் பழைய இடத்துக்கு வந்துவிட்டாள். 95ஆம் எண் படிக்கு அவள் இன்னும் ஏறவில்லை. இந்தத் தவணையில், மூன்று தோழிகள் முன்னால் மட்டும், மதிய இடைவேளையில் என்னுடைய அறையில், ஒரு நிமிடம் பேசிப் பார்ப்பதாகக் கொப்பியில் எழுதியிருக்கிறாள்.