துப்பறியும் பெண்ணை மன்னாருக்கு அழைத்துவரும் முன்

கடந்த மாதம் கிளிநொச்சியில் ஒரு தங்கை, தான் எழுதும் நாவலின் முதல் அத்தியாயத்தைக் கொப்பியோடு கொண்டுவந்து தந்தாள். ஆண்டு 1906. இந்தியாவிலிருந்து வரும் ஒரு பெண் வழக்கறிஞர் தலைமன்னாரில் கப்பலை விட்டு இறங்கிப் புகையிரதம் ஏறுகிறார். மரிச்சுக்கட்டி முத்துக்குளிப்பு முகாமில் நடந்த கொலையைத் துப்பறிய வேண்டும். வாசித்ததும் நெஞ்சு திக்கென்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் விட்ட பிழை, அச்சு அசலாக அப்படியே.

பழங்காலத் துப்பறியும் கதை எழுதும்போது, அக்காலத்தில் இல்லாத பிளாஸ்டிக் வாளி, கைத்தொலைபேசி போன்றவற்றை நீங்களே பிடித்துவிடுவீர்கள். கண்ணுக்குத் தப்புகிறவற்றை மட்டும் சொல்கிறேன்.

ஆண்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது

தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையிலான கப்பலும், இரு கரையிலும் அதனோடு இணைந்த புகையிரதமும் 1914இல்தான் வந்தன. பெண் என்பதற்காக எவரையும் வழக்கறிஞர் தொழிலிலிருந்து விலக்கக் கூடாது என்று இந்தியாவில் சட்டம் வந்தது 1923இல். ஒக்ஸ்போர்டில் 1892இலேயே சட்டத் தேர்வு எழுதிய இந்தியப் பெண் கொர்னேலியா சொராப்ஜிகூட நீதிமன்றப் பதிவுக்குப் பல்லாண்டு காத்திருந்தார்.

“அப்படியென்றால் 1915 என்று மாற்றிவிடுகிறேன், அக்கா” என்றாள். மாற்றினால் முத்து இல்லை. 1907க்குப் பிறகு பல ஆண்டுகள் மன்னார்க் கடலில் குளிப்பே நடக்கவில்லை. மறுபடி நடந்தது 1925இல்.

என் நாவலில் கொலைகாரன் தப்புவதே அந்தக் கப்பலை வைத்துத்தான். கொலை நடந்த இரவு தான் கடலில் இருந்ததாகச் சாதிப்பான். இருநூற்றுப் பத்துப் பக்கம் எழுதி முடித்து, மன்னாரில் ஓய்வுபெற்ற புகையிரத ஊழியர் ஒருவரிடம் கொடுத்தேன். திருப்பித் தரும்போது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: “பிள்ளை, இந்தக் கப்பல் எந்த ஆண்டு ஓடியது?” கப்பல் போனதும் கொலைகாரனின் சாட்சியம் போனது, அதை உடைக்க வந்தவளுக்கு வேலையும் போனது. திரும்ப எழுத இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

“நாவல்தானே, யார் பார்க்கப் போகிறார்கள்?” என்று இன்றும் யாராவது கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. எதையும் சந்தேகப்படு என்று வாசகரிடம் சொன்னதே நாம்தான். கப்பல் பொய் என்று கண்டவர் இரத்தக்கறையையும் நம்ப மாட்டார். 1925ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: கப்பல், வழக்கறிஞர், முத்து மூன்றும் ஒரே கதையில் நிற்கும்.

அணாவில் பேரம் பேச வைப்பது

இலங்கையில் 1872 முதல் ரூபாய்க்கு நூறு சதம். அணா அன்று அக்கரை இந்தியாவின் காசு. மன்னார் மீன்காரியை எட்டணா கேட்க வைக்காதீர்கள். செத்துக்கிடக்கும் முத்துக் குளிகாரனின் மடியில், விளிம்பு அலை அலையாக நெளிந்த ஓரணா நாணயம் ஒன்று கிடக்கட்டும். அக்கரையிலிருந்து யார், எப்போது வந்தார் என்ற கேள்வி தானாக எழும்.

முகாமை வெறும் படுதாவாக்குவது

சிப்பியை அழுகவிட்டுத்தான் முத்தெடுப்பார்கள். அந்த நாற்றமும் ஈயும் இல்லாத முகாம் முகாமே அல்ல. எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு குளிகாரருக்கு, மற்றவை அரசுக்கு என்பது பழைய வழக்கம். கொலைக்கான காரணத்தை அந்தப் பங்கீட்டில் தேடுங்கள்.

ஊருக்கொரு பொலிஸ் நிலையம்

இல்லை. அக்காலத்தில் முதலில் வருபவர் ஊர்த் தலைவரான விதானையார்.

கனவில் துப்புக் கிடைப்பது

வேண்டவே வேண்டாம்.

ஆணுக்குச் சேலை கட்டிவிடுவது

பல கொப்பிகளில் நாயகி துப்பாக்கி எடுக்கிறாள், சுவர் ஏறிக் குதிக்கிறாள். பெயரை மாற்றினால் ஆண். சொராப்ஜி 1904 முதல் வங்காளத்தில் திரைமறைவில் வாழ்ந்த பெண்களுக்குச் சட்ட ஆலோசனை சொன்னார். ஆண் வழக்கறிஞர் எவரும் நுழைய முடியாத அறைகள் அவை. மன்னாரின் முசலிப் பக்கத்து வீட்டு அடுப்படிகளும் அந்நிய ஆணுக்கு அப்படித்தான்.

தங்கை போன கிழமை இரண்டாம் வரைவைக் கொண்டுவந்தாள். சிலாவத்துறையில் ஒரு வியாபாரியின் வீடு. துப்பறிய வந்தவள் அடுப்படியில் குந்தியிருந்து அரிசியில் கல் பொறுக்குகிறாள். வீட்டுக்காரி சுளகைப் புடைத்தபடி, நிமிர்ந்து பாராமலே சொல்கிறாள்: “அன்றிரவு அவர் சாரம் நனைந்துதான் வந்தார்.”