எடிட்டரை விட்டு வெளியேறாமல் கமிட் செய்வது எப்படி?

காரைக்குடியில் ஒரு பலகாரக் கடைக்கு இணையப் பக்கம் செய்து கொடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தேன்குழல் விலையை மாற்றச் சொல்கிறார் கடை ஆச்சி. மாற்றும்போது மணகோலம் படம் கோணலாக நிற்பது கண்ணில் பட, அதையும் சரிசெய்துவிட்டீர்கள். இரண்டு மாற்றமும் ஒரே கோப்பில். இதை விஎஸ் கோடு என்ற நிரல் எடிட்டருக்குள்ளேயே, மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் கிட் என்ற மென்பொருளில் பதியலாம். அப்படிப் பதிவதுதான் கமிட். கணினியில் கிட் இருக்க வேண்டும். உங்கள் பெயரையும் மின்னஞ்சலையும் அதில் ஒருமுறை கொடுத்திருக்க வேண்டும். அவ்வளவுதான்.

முதலில் கோப்பைச் சேமியுங்கள். சேமிக்காத மாற்றம் கிட்டுக்குத் தெரியாது. புதிதாக வருபவர்கள் பாதிப் பேர் இங்கேதான் முழிப்பார்கள்.

அடுத்து கண்ட்ரோல், ஷிஃப்ட், ஜி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் சோர்ஸ் கண்ட்ரோல் பலகை திறக்கும். மாறிய கோப்புக்குப் பக்கத்தில் 'எம்' என்ற எழுத்தும், கிட் இதுவரை கண்டிராத கோப்புக்கு 'யூ'வும் நிற்கும். 'யூ' வரிசையில் கடவுச்சொல் உள்ள கோப்பு ஏதாவது தெரிந்தால் அதைத் தொடாதீர்கள். கிட் கண்டுகொள்ள வேண்டாதவற்றின் பட்டியலான கிட்இக்னோர் கோப்பில் அதன் பெயரைச் சேர்த்துவிடுங்கள்.

இப்போது ஸ்டேஜ் செய்ய வேண்டும், அதாவது கமிட்டில் எது போக வேண்டும் என்று எடுத்து வைக்க வேண்டும். கோப்பின் பக்கத்தில் உள்ள கூட்டல் குறியை அழுத்தினால் முழுக் கோப்பும் ஸ்டேஜில் சேர்ந்துவிடும். நமக்கு அது வேண்டாம். பட்டியலில் கோப்பின் பெயரைச் சொடுக்குங்கள். பழையதும் புதியதும் அருகருகே தெரியும். விலை மாறிய வரியை மட்டும் தேர்ந்தெடுத்து, வலச்சொடுக்கில் 'ஸ்டேஜ் செலெக்டெட் ரேஞ்சஸ்' கொடுங்கள். படத்தை அடுத்த கமிட்டுக்கு வைத்துக்கொள்ளலாம். நாளைக்கே ஆச்சி "பழைய விலையே இருக்கட்டும்" என்றால், படத்தைக் கெடுக்காமல் விலையை மட்டும் திருப்பலாம். கணக்குப்பிள்ளை ஒரே வரியில் இரண்டு பற்று எழுதுவாரா?

பிறகு பலகையின் மேலே உள்ள பெட்டியில், எதற்காக இந்த மாற்றம் என்ற செய்தி. 'அப்டேட்' என்று எழுதுவதும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். 'எண்ணெய் விலை ஏறியதால் தேன்குழல் விலையும் ஏற்றம்' என்று காரணத்தோடு எழுதுங்கள். தமிழிலேயே எழுதலாம், கிட் ஏற்றுக்கொள்ளும். கண்ட்ரோலோடு என்டர் தட்டினால் கமிட் முடிந்தது.

எதையும் ஸ்டேஜ் செய்யாமல் கமிட் கொடுத்தால், எல்லாவற்றையும் சேர்த்துப் போடட்டுமா என்று எடிட்டர் கேட்கும். அங்கே 'ஆல்வேஸ்' மட்டும் வேண்டாம். அப்புறம் கேட்காமலே போட்டுவிடும்.

இதுவரை செய்ததற்கு இணைய இணைப்பே தேவையில்லை, எல்லாம் உங்கள் கணினியில்தான் இருக்கிறது. வெளியே அனுப்பத் தனியாக புஷ் கொடுக்க வேண்டும். செய்தியில் எழுத்துப்பிழை தெரிந்தால், புஷ் செய்வதற்கு முன் மூன்று புள்ளி மெனுவில் கமிட், அதற்குள் 'அன்டூ லாஸ்ட் கமிட்'. மாற்றங்கள் அழியாது, திரும்ப ஸ்டேஜில் வந்து நிற்கும்.