கோடிங் சுற்றில் வாய்விட்டு யோசிப்பது எப்படி? முதல் இன்டர்வியூவுக்குப் போகிறவர்களுக்கு

சிங்கப்பூரில் ஒன் நார்த் பக்கம் ஒரு நிறுவனம். கணக்கு ஒன்றைக் கொடுத்து புரோகிராம் எழுதச் சொல்லும் கோடிங் சுற்றுக்கு 45 நிமிடம் கொடுத்தார்கள். அரை மணி நேரம் திரையைப் பார்த்துக்கொண்டு பேசாமல் யோசித்தேன். விடை சரியாகத்தான் வந்தது, வேலைதான் கிடைக்கவில்லை. "நீங்கள் எப்படி யோசித்தீர்கள் என்றே எங்களுக்குத் தெரியவில்லை" என்று பிறகு போனில் சொன்னார்கள். அதனால் இங்கே அந்தச் சுற்றைப் பற்றித்தான் அதிகம் எழுதுகிறேன்.

படி 1: முதல் அழைப்பு

ஆள் எடுக்கும் ரிக்ரூட்டர் மூன்று விஷயம் கேட்பார்: எதிர்பார்க்கும் சம்பளம், எப்போது சேர முடியும், எந்த பாஸ் (வேலை அனுமதி). வெளிநாட்டு நிபுணர்களுக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ் தேவைப்படுபவர்கள் சம்பளத்தைச் சும்மா ஒரு எண்ணாகச் சொல்லிவிடாதீர்கள். 2023 செப்டம்பரிலிருந்து புதிய விண்ணப்பங்களுக்கு காம்பஸ் புள்ளிமுறை உண்டு. பொதுவாக 40 புள்ளி வேண்டும், சம்பளமும் படிப்பும் அதில் சேரும். மனிதவள அமைச்சின் இணையத்தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது. முன்கூட்டியே போட்டுப் பாருங்கள்.

படி 2: கோடிங் சுற்று

கேள்வி இப்படி வரலாம்: 2, 11, 7, 15 என்ற வரிசையில் எந்த இரண்டு எண்களைக் கூட்டினால் 9 வரும்?

உடனே கோட் எழுதாதீர்கள். முதலில் கேளுங்கள்: எதிர்மறை எண் வருமா? ஒரே எண் இரண்டு முறை வருமா? மொத்தம் எத்தனை எண்கள் இருக்கும்?

அப்புறம் எளிய வழியை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒவ்வொரு எண்ணையும் மற்ற எல்லா எண்களோடும் கூட்டிப் பார்க்கலாம். ஆனால் 10,000 எண்கள் இருந்தால் ஏறக்குறைய 5 கோடி ஜோடிகள். இந்தக் கணக்கை நீங்களே சொல்வது முக்கியம்.

இப்போது நல்ல வழி. பார்த்த எண்களை ஒரு ஹேஷ் மேப்பில், அதாவது எதையும் சட்டென்று தேடி எடுக்கக்கூடிய பட்டியலில், குறித்துக்கொண்டே போகலாம். 2 வந்தால் 7 வேண்டும். இன்னும் இல்லை, 2ஐக் குறிக்கிறேன். 11 வந்தால் மைனஸ் 2 வேண்டும், இல்லை. 7 வந்தால் 2 வேண்டும், இருக்கிறது! ஒரே ஓட்டத்தில் முடிந்தது, ஆனால் கூடுதல் நினைவகம் செலவாகிறது. அந்தச் செலவையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

இது பழகினால்தான் வரும். எங்கள் அடுக்குமாடி புளோக் கீழ்த்தளத்துக் கல்மேசையில் அக்காவை உட்காரவைத்து தினமும் ஒரு கணக்கை விளக்கினேன். அக்காவுக்கு கம்ப்யூட்டர் படிப்பு இல்லை. "பார்த்ததை எதுக்குடா எழுதி வச்சுக்கிற?" என்று கேட்டார். அடுத்த இன்டர்வியூவில் அதே கேள்விதான் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் யோசியுங்கள், தவறே இல்லை. ஆனால் அதே விளக்கத்தை ஆங்கிலத்திலும் ஒரு முறை சத்தமாகச் சொல்லிப் பாருங்கள்.

படி 3: அனுபவம் பற்றிய சுற்று

நமக்கு அடக்கமாக "நாங்கள் செய்தோம்" என்றே வரும். அவர்கள் கேட்பது உங்கள் பங்கை. "நான் இந்தப் பகுதியை எழுதினேன்" என்று சொல்லுங்கள். அது தற்பெருமை ஆகாது.

படி 4: வேலை கிடைத்தால்

குடிமக்களுக்கு 55 வயது வரை மத்திய சேமநிதிக்கு (சிபிஎஃப்) சம்பளத்திலிருந்து 20 விழுக்காடு பிடிப்பார்கள். முதலாளி தனியாக 17 விழுக்காடு போடுவார். இதற்கு மாதச் சம்பள வரம்பு உண்டு. கூடுதலாகத் தரும் 13ஆம் மாதச் சம்பளம் சட்டப்படி கட்டாயம் இல்லை, அதனால் ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.