சினாரியோ எழுதும் முன் பாலத்துக்கு எத்தனை சுற்று என்று எண்ணுங்கள்

வார்கேம் என்றால் மேசையில் பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடும் போர் விளையாட்டு; சினாரியோ என்பது ஒரு ஆட்டத்துக்கான களம், படை, நோக்கம் எல்லாம் சேர்ந்த திட்டம். நான் எழுதிய முதல் சினாரியோவில் சண்டையே நடக்கவில்லை. பாலத்தைப் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான் கதை. 6 சுற்றும் முடிந்தபோது தாக்க வந்த காலாட்படை அப்போதுதான் பாலத்தடிக்கு வந்து நின்றது. அந்தக் கூத்துக்குப் பிறகு நான் கடைப்பிடிக்கும் முறை இது. நகர்த்துவது, சுடுவது எல்லாம் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

1. நோக்கத்தை ஒரே வரியில் எழுதுங்கள். "எதிரியை ஒழி" வேண்டாம். இருவரும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்பார்கள். "கடைசிச் சுற்றில் பாலம் யார் கையில்?" போதும்.

2. வரைபடம். நான் சறுக்கிய இடம் இதுதான். மென்பொருள் எதுவும் வேண்டாம், கட்டம் போட்ட தாளும் பென்சிலும் எடுங்கள். ஒரு கட்டம் 6 அங்குலம் என்றால் 6 அடிக்கு 4 அடி மேசை 12-க்கு 8 கட்டம். காலாட்படை ஒரு சுற்றில் 6 அங்குலம் நகரும் விதியானால், ஒரு கட்டம் ஒரு சுற்று. தாளில் விரல் வைத்து எண்ணினாலே தெரிந்துவிடும்.

என் மேசையில் படை குறுகிய ஓரத்திலிருந்து 12 அங்குலத்தில் கிளம்பியது. பாலம் 48-வது அங்குலத்தில். இடையே 6 கட்டம். ஆட்டமும் 6 சுற்று! வழியில் காடு வேறு இருந்து வேகம் பாதியாகியிருந்தால் பாலத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்க முடியாது. இப்போது கிளம்பும் கோட்டை 24 அங்குலத்துக்கு நகர்த்தி, ஆட்டத்தை 8 சுற்றாக்கிவிட்டேன். 4 சுற்று நடை, 4 சுற்று சண்டை. நடை பாதிக்கு மேல் போகவே கூடாது.

3. பின்னால் வரும் படை. 1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூ போரில் நெப்போலியனை எதிர்த்த பிரஷ்யப் படை பிற்பகலில்தான் களத்துக்கு வந்தது. மேசையில் அது எப்போது வரும் என்று நெப்போலியனாக ஆடுபவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் பதற்றமே இருக்காது, பகடைக்கு விடுங்கள். ஆனால் சுற்றுக்கு ஒருமுறை உருட்டி 4, 5, 6 விழுந்தால் வரும் என்று மட்டும் வைத்தால், எட்டில் ஒரு ஆட்டத்தில் மூன்று முறை உருட்டியும் படை வராது. பாவம், அந்தப் படையை ஆடுபவர் சும்மா உட்கார்ந்திருப்பார். அதனால் நான்காவது முறை உருட்டாமலே வரட்டும்.

4. பக்கம் மாற்றி இரண்டு தடவை ஆடிப் பாருங்கள். இரண்டிலும் பாலத்தைக் காத்தவரே ஜெயித்தால் அவருக்கு ஒரு பீரங்கியைக் குறையுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மாற்றம்தான். இரண்டை மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாது.

பின்சேர்க்கை: இதைப் படித்துவிட்டு ஆடிப் பார்த்த ஒருவர், எதிராளி கடைசிச் சுற்றில் குதிரைப்படையைப் பாலத்தில் ஓடவிட்டு ஜெயித்துவிட்டதாகப் புலம்பியிருந்தார். நியாயம்தான், முதல் படியில் நான் விட்ட ஓட்டை அது. சரி, இப்படி மாற்றிக்கொள்ளுங்கள்: பாலத்தில் காலாட்படை நிற்க வேண்டும், 6 அங்குலத்துக்குள் எதிரி இருக்கக் கூடாது. அப்புறம், 8-வது சுற்று முடிந்ததும் ஒரு பகடை. 4-க்கு மேல் விழுந்தால் இன்னொரு சுற்று உண்டு.