சிகோங்: மதமா, பயிற்சியா என்பதில் தொடங்கும் தவறுகள்

மூச்சையும் மெதுவான அசைவையும் மனக்கவனத்தையும் இணைக்கும் சீனப் பயிற்சி சிகோங். அதைப் பற்றிப் பேச்செடுத்தால் "போதிதருமர் சீனாவுக்குக் கொண்டுபோன கலைதானே?" என்று ஆரம்பிப்பதுதான் நம்மவர்கள் செய்யும் முதல் தவறு. அவர் பெயரில் வழங்கும் யிஜின்ஜிங் என்ற பயிற்சி நூலுக்கு 17ஆம் நூற்றாண்டுக்கு முன் தடயம் இல்லை. ஆனால் சீனாவின் மாவாங்துய் என்ற இடத்துக் கல்லறையில் கிடைத்த பட்டுச்சீலையில் உடலை நீட்டி மடக்கும் 44 உருவங்கள் இருக்கின்றன. அது புதைக்கப்பட்டது கி.மு. 168இல், போதிதருமருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பு.

அடுத்தது, "மதமே கலக்காத வெறும் பயிற்சி" என்று நம்புவது. கலப்பு இருந்தது, பிரித்தெடுத்தார்கள். 1950களில் ஹெபெய் மாகாணத்தில் லியு குய்சென் என்பவர் இதை மருத்துவமாக்கியபோது பழைய மந்திரச் சொற்களை நீக்கி, 'நான் அமைதி' என்பதுபோன்ற சாதாரண வாக்கியங்களை வைத்தார். நெய்யாங்கோங் என்ற அவருடைய மூச்சுப் பயிற்சி முறையின் ஒரு வகையில் மூச்சை இழுக்கும்போது அந்த வாக்கியத்தின் முதல் எழுத்து, நிறுத்தும்போது நடு எழுத்து, விடும்போது கடைசி எழுத்து, எல்லாம் மனசுக்குள். தொடக்கம் 3 சீன எழுத்து, உச்சம் 9. எழுத்து கூடினால் நடுவில் நிறுத்தும் நேரமும் கூடும். அவசரப்பட்டு முதல் வாரமே 9க்குத் தாவுபவருக்கு நெஞ்சு இறுகும், தலை கனக்கும். 'சக்தி ஏறுகிறது' என்று அதற்கு விளக்கம் வேறு! மூச்சை அடக்கியதன் விளைவு அது. 3க்குத் திரும்புங்கள்.

எதிர்ப்பக்கத் தவறும் உண்டு: பழகினால் சீனாவின் பழைய மதமான தாவோவில் சேர்ந்தாகிவிடும் என்ற பயம். சீன அரசு தாவோவை மதமாக அங்கீகரிக்கிறது. சிகோங்கையோ விளையாட்டுத் துறையிடம் விட்டிருக்கிறது. அந்தத் துறை 2003இல் வெளியிட்ட பாதுவாஞ்சின் என்ற எட்டு அசைவுத் தொடரில் வழிபாடு எதுவுமில்லை. ஆனால் பெய்ஜிங்கின் வெள்ளை மேகக் கோயிலின் தாவோ துறவிக்கு மூச்சுப் பயிற்சி நோன்போடும் ஓதலோடும் சேர்ந்தது. அவருடைய முறையிலிருந்து உடலுக்குள் நெருப்பு எரிவதாக நினைக்கும் உள்நெருப்புக் கற்பனையை மட்டும் பிடுங்கி, இங்கே உடற்பயிற்சியோடு ஒட்டவைக்காதீர்கள். 'நெருப்பு தடம் மாறி, பேய் புகுந்தது' என்று சீனர்கள் சொல்வது இப்படிப்பட்ட குழப்பத்துக்கும் சேர்த்துத்தான். தூக்கம் கெட்டாலோ குரல்கள் கேட்டாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு மனநல மருத்துவரைப் பாருங்கள்.

பாதுவாஞ்சினின் 8ஆவது அசைவு குதிகாலை உயர்த்தி இறக்குவது, 7 முறை. முழங்காலை விறைப்பாக வைத்துத் தொப்பென்று இறக்கினால் அதிர்ச்சி நேரே இடுப்புக்குப் போகும். முழங்காலைச் சற்றே தளர்த்தி, பாதி தூரம் மெதுவாக இறங்கி, கடைசியில் மட்டும் லேசாகத் தட்டுங்கள்.