வீட்டு ஜெனரேட்டருக்கு மோட்டாரிலிருந்து கணக்குப் போடுங்கள்

பெங்களூரில் மின் விநியோக நிறுவனமான பெஸ்காமின் பராமரிப்புப் பணிக்காகப் பகலில் பல மணி நேரம் மின்சாரம் நிறுத்தப்படும்போது, தனி வீட்டில் வசிப்பவர்களுக்கு முதலில் தட்டுப்பாடாவது வெளிச்சம் அன்று, தண்ணீர். சம்ப் எனும் தரைக்கடித் தொட்டி நிறைந்திருந்தாலும், அதை மாடித் தொட்டிக்கு ஏற்றும் மோட்டார் ஓடாவிட்டால் குழாயில் நீர் வராது. ஆகவே ஜெனரேட்டர் வாங்க நினைப்பவர் விளக்குகளையும் ஃபேன்களையும் எண்ணுவதற்கு முன், அந்த மோட்டாரின் பெயர்ப்பலகையைப் படிக்க வேண்டும். ஜெனரேட்டர் தாங்குமா தாங்காதா என்பதை முடிவு செய்வது, பெரும்பாலும் மோட்டார் கிளம்பும் அந்த ஓரிரு நொடிகளே.

ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் இழுக்கும் மின்னோட்டத்தைப்போல் 3 முதல் 6 மடங்கு வரை, அது கிளம்பும் தறுவாயில் இழுக்கும். பெயர்ப்பலகையில் 0.5 எச்.பி. (குதிரைத்திறன்), 4 ஆம்பியர் என்றிருந்தால், 230 வோல்ட்டில் ஓடும்போது ஆகும் சுமை, இரண்டையும் பெருக்க, 920 விஏ (வோல்ட்-ஆம்பியர்). மூன்று மடங்கு என்று குறைவாகவே வைத்துக்கொண்டாலும் கிளம்பும்போது 2,760 விஏ தேவைப்படும். 0.5 எச்.பி. என்பது 373 வாட் தானே என்று எண்ணி 1 கேவிஏ (1,000 விஏ) ஜெனரேட்டர் வாங்குபவர்கள் இங்குதான் ஏமாறுகிறார்கள். 373 வாட் என்பது மோட்டாரின் தண்டு தரும் ஆற்றலேயன்றி அது இழுக்கும் மின்சாரம் அன்று. மடங்கை ஊகிக்க விரும்பாதவர்கள், தொடக்க மின்னோட்டத்தைப் பதிவு செய்யும் வசதியுள்ள கிளாம்ப் மீட்டரால் எலக்ட்ரீஷியனை அளக்கச் சொல்லலாம். அந்தச் சிறு செலவு மிகவும் பயனுள்ளது என்பது என் உறுதியான கருத்து.

மற்றவற்றின் கணக்கு எளிது. 75 வாட் ஃபேன் நான்கு, 9 வாட் எல்இடி விளக்கு எட்டு, ஏறத்தாழ 150 வாட் ஃபிரிட்ஜ், 80 வாட் டிவி, 10 வாட் வைஃபை ரூட்டர் எல்லாம் சேர்ந்து 612 வாட். ஃபிரிட்ஜின் கம்ப்ரசரும் ஒரு மோட்டார்தான் என்பதால், அதுவும் கிளம்பும்போது சில மடங்கு கூடுதலாக இழுக்கும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது.

கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப் பெட்டி ஆகியவற்றை இந்தக் கணக்கில் சேர்க்கவே வேண்டாம். ஒரு கீசர் மட்டுமே 2,000 வாட் இழுக்கும். வீட்டில் மூன்று பேஸ் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் இருந்தால், அதை ஒற்றை பேஸ் ஜெனரேட்டரால் ஓட்ட முடியாது. மின்சாரம் இருக்கும்போதே சம்பை நிரப்பி வைப்பதே வழி.

இனி ஜெனரேட்டரின் பக்கம். அதில் இரண்டு எண்கள் இருக்கும்: சிறிது நேரம் மட்டும் தரக்கூடிய உச்சத் திறன், தொடர்ந்து தரக்கூடிய திறன். நம் கணக்குக்கு இரண்டாவதையே எடுக்க வேண்டும், அதிலும் நீண்ட நேரச் சுமை முக்கால் பங்குக்குள் இருப்பது நல்லது. கேவிஏ-வில் எழுதப்பட்டிருந்தால், அதனருகே குறிப்பிடப்பட்டுள்ள பவர் ஃபேக்டரால் பெருக்கினால்தான் கிலோவாட் கிடைக்கும், 0.8 என்றிருந்தால் 5 கேவிஏ என்பது 4 கிலோவாட்தான். பெங்களூர்வாசிகள் இன்னொன்றையும் கழிக்க வேண்டும். இந்நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் இருப்பதால் காற்று அடர்த்தி குறைவு. ஒவ்வொரு 300 மீட்டருக்கும் பெட்ரோல் எஞ்சினின் ஆற்றல் ஏறக்குறைய 3.5 சதவீதம் குறையும். சென்னையில் ஒரு வீட்டை இழுக்கும் அதே ஜெனரேட்டர் இங்கே பத்தில் ஒரு பங்கு வலுவை இழந்திருக்கும்.

மேற்சொன்ன வீட்டில் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும்போது மோட்டாரைப் போட்டால் தேவை 3,300 விஏ-வைத் தாண்டும். 3 கேவிஏ ஜெனரேட்டரோ இங்கே ஏறத்தாழ 2.7 தான் தரும். மின்னழுத்தம் சரியும், மோட்டார் சுற்ற முடியாமல் உறுமி, மின்னோட்டத்தை மேலும் இழுத்துச் சூடாகும். சுருள் எரிவது இப்படித்தான். எனவே இந்த வீட்டுக்கு 3.5 கேவிஏ என்பதே என் பரிந்துரை, அதையும் ஒழுங்குமுறையுடன் பயன்படுத்த வேண்டும்: ஜெனரேட்டரைக் கிளப்பி, ஓட்டம் சீரான பிறகு முதலில் மோட்டாரை மட்டும் போட்டு, அது வேகம் பிடித்தபின் ஃபேன், விளக்குகளைப் போட்டு, தொட்டி நிறைந்து மோட்டாரை நிறுத்திய பிறகே ஃபிரிட்ஜைச் சேர்க்க வேண்டும். மின்சாரம் போனபின் ஃபிரிட்ஜுக்கு ஐந்து நிமிட இடைவெளி கிடைத்தால் கம்ப்ரசரின் உள்ளழுத்தம் தணிந்து, எளிதாகக் கிளம்பும். 1 எச்.பி. மோட்டார் உள்ள வீட்டினர் 6 கேவிஏ-வுக்குக் குறைவாக எண்ண வேண்டாம்.

இணைப்பை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனைக் கொண்டு சேஞ்ச்ஓவர் சுவிட்ச் (தெரு மின்சாரம், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டுமே வீட்டோடு இணைப்பது) வழியாக மட்டுமே கொடுங்கள். சுவர்ப் பிளக்கில் கம்பியைச் செருகிக் கொடுத்தால், அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் சென்று, அங்கே பழுது பார்க்கும் லைன்மேனின் உயிரைப் பறிக்கலாம். நம் பகுதிகளில் வீடுகளுக்கு இடையே இடைவெளி குறைவு என்பதால், ஜெனரேட்டரை வைக்கும் இடத்தைப் பக்கத்து வீட்டு ஜன்னலையும் பார்த்தே தீர்மானியுங்கள். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை, மூடிய போர்டிகோவிலோ பால்கனியிலோ படிக்கட்டின் அடியிலோ அதை ஒருபோதும் ஓட்டக் கூடாது.