சின்ன ஃபிளாஷ், வெள்ளைக் குடை: படம் எங்கே கெடுகிறது?

ஆனைமலைப் பக்கம் ஒரு தோட்டத்துச் சாளையில் நண்பனின் அம்மிச்சியை, அதாவது அவன் அம்மாவின் அம்மாவை, படமெடுக்கப் போயிருந்தேன். ஸ்டாண்டில் ஃபிளாஷை மாட்டிக் குடையை விரித்ததும் அவர் கேட்டார்: “ஏஞ்சாமி, மழையே காணோம், குடை எதுக்கு?”

கேள்வி நியாயமானதுதான். கேமராவின் தலையில் மாட்டும் சின்ன ஃபிளாஷின் முகப்பு தீப்பெட்டியைவிடச் சற்றுப் பெரியது, அவ்வளவே. அதன் வெளிச்சம் நேராக விழுந்தால் மூக்கின் நிழல் கன்னத்தில் கறுப்புக் கோடாக நிற்கும். 43 அங்குலக் குடை அதே வெளிச்சத்தைக் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் அகலத்துக்குப் பரப்பிக் கொடுக்கிறது. நிழலின் ஓரம் கரைகிறது. இதை எல்லோரும் கேள்விப்பட்டிருப்பார்கள். கேள்விப்பட்டும் குடையைப் பத்தடி தள்ளி நிறுத்துவார்கள்.

நான் பார்த்த தவறுகளில் பெரியது இதுதான். குடை படத்துக்குள் வந்துவிடுமோ என்ற பயம். குடை எவ்வளவு பெரியது என்பதைக் கடைக்காரர் சொல்லும் அங்குலம் முடிவு செய்வதில்லை, உட்கார்ந்திருப்பவரின் கண்ணுக்கு அது எவ்வளவு பெரிதாகத் தெரிகிறது என்பதே கணக்கு. பத்தடியில் அது மறுபடியும் சின்ன விளக்கு. ஒரு மீட்டருக்குக் கொண்டு வாருங்கள், முகம் மாறிவிடும். படச் சட்டத்தின் ஓரத்தை உரசிக்கொண்டு நின்றாலும் சரி. கொஞ்சம் உள்ளே வந்தால் வெட்டிக்கொள்ளலாம்.

கிட்டே வருவதில் இன்னொரு லாபமும் உண்டு. தூரம் மூன்று மடங்கானால் வெளிச்சம் ஒன்பதில் ஒரு பங்காகிவிடும். மூன்று மீட்டரில் முழு சக்தியில் அடித்து, பேட்டரி ஏறும்வரை சில வினாடிகள் காத்து நின்ற அதே ஃபிளாஷ், ஒரு மீட்டரில் எட்டில் ஒரு பங்கு சக்தியில் அநேகமாக அதே வேலையைச் செய்யும். உடனே அடுத்த படத்துக்குத் தயாராகும், சூடாகாது. பின்னாலிருக்கும் சுவரும் தானாக இருண்டு போகும், ஏனென்றால் குடைக்கு முகம் பக்கம், சுவர் தூரம்.

இதற்கு விலக்கு, கூட்டப் படம். கல்யாண வீட்டில் இணைச்சீர்ச் சடங்கு முடிந்து சொந்தக்காரர்கள் வரிசையாக நிற்கும்போது குடையை ஒரு ஓரத்தில் கிட்டே வைத்தால், அந்த ஓரத்து மாமா வெளுத்துப் போவார், மறு ஓரத்து அத்தை இருட்டில் நிற்பார். அங்கே குடையைப் பின்னால் தள்ளி உயர்த்தத்தான் வேண்டும், சக்தியைக் கூட்டத்தான் வேண்டும்.

அப்புறம் ஃபிளாஷின் ஜூம், அதாவது ஒளியைக் குவித்தோ விரித்தோ அனுப்பும் அமைப்பு. ஃபிளாஷின் தலை 105 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் ஒளி குடையின் நடுவில் மட்டும் ஒரு வட்டமாக விழும். பெரிய குடைக்குக் காசு கொடுத்துவிட்டுச் சின்னக் குடையைப் பயன்படுத்துகிற கதை. 24-லிருந்து 35-க்குள் வையுங்கள். சந்தேகம் இருந்தால் குடையையே ஒரு படம் எடுத்துப் பாருங்கள், வேண்டுமென்றே கொஞ்சம் இருட்டாக. எவ்வளவு துணி ஒளிர்கிறது என்று தெரிந்துவிடும்.

ஒளி ஊடுருவும் வெள்ளைக் குடையைத்தான் பெரும்பாலும் முதலில் வாங்குகிறோம். முகத்துக்கு வெகு கிட்டே கொண்டுபோகலாம் என்பதால் எனக்கும் அதுவே பிடிக்கும். ஆனால் அது வெளிச்சத்தில் நிறையப் பின்பக்கமாகவும் திருப்பி விடுகிறது. வெட்டவெளியில் அது வீண். நம் வீடுகளின் பச்சை, ரோஸ் சுவர்களுக்கு நடுவே என்றால் தொல்லையும்கூட: சுவரில் பட்டுத் திரும்பும் நிறம் கன்னத்தில் ஒட்டிக்கொள்ளும், கணினியில் உட்கார்ந்து சரிசெய்து மாளாது. அப்படிப்பட்ட அறையில் வெளிப்புறம் கறுப்பாக இருக்கும் எதிரொளிக்கும் குடையே நல்லது.

உயரம் பற்றிச் சுருக்கமாக: குடையின் நடு, தலைக்குச் சற்று மேலே, முகத்துக்கு நேர் எதிருக்கும் முழுப் பக்கவாட்டுக்கும் பாதி வழியில். கருவிழியின் மேல் பாதியில் ஒரு வெள்ளைப் பொட்டு தெரிந்தால் சரி. ரொம்ப உயர்த்தினால், கண் குழிந்த பெரியவர்களுக்கும் தலையில் உருமால் கட்டியவர்களுக்கும் கண்ணே தெரியாது. மூக்குக் கண்ணாடியில் குடை பளிச்சென்று தெரிந்தால் மட்டும் இன்னும் மேலே, இன்னும் பக்கமாகத் தள்ளுங்கள்.

வெயிலோடு மல்லுக்கு நிற்பது அடுத்தது. உச்சி வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/200 என்றால் அப்பர்ச்சர், அதாவது லென்ஸின் துளை, எஃப்/11 பக்கம் சுருங்கி நிற்கும். குடை வழியாக அந்த அளவுக்கு ஈடு கொடுக்கச் சின்ன ஃபிளாஷ் திணறும். ஷட்டரை 1/500-க்கு ஏற்றினால் பெரும்பாலான கேமராக்களில் படத்தில் கறுப்புப் பட்டை விழும். அதற்கான அதிவேக முறையைப் போட்டால் ஃபிளாஷின் சக்தி இன்னும் குறையும். தென்னை நிழலுக்குப் போங்கள், இல்லை சாயங்காலம் வரை பொறுங்கள். சாயங்கால வெயில் முதுகில் படும்போது ஃபிளாஷின் வெள்ளை வெளிச்சம் முகத்தை ஒட்டவைத்ததுபோல் காட்டும். பாதி அடர்த்தியுள்ள ஆரஞ்சு ஜெல் தாள் (ஒளி ஊடுருவும் நிறத்தாள்) ஒன்றை ஃபிளாஷ் முகப்பில் ஒட்டினால் பொருந்திவிடும்.

இப்போது காற்று. வெளியூர்க்காரர்கள் எழுதும் குறிப்புகளில் இதற்கு ஒரு வரிதான் இருக்கும். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேகாத்து, அதாவது மேற்குக் காற்று, எப்படி வரும் என்று அவர்களுக்குத் தெரியாது. பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சும்மா நிற்கவில்லை. விரித்த குடை பாய்மரம்தான். என் முதல் ஃபிளாஷ் ஒரு களத்து மேட்டில் தலைகுப்புற விழுந்து, மாட்டும் கால் உடைந்தது. ஸ்டாண்டின் மூன்று கால்களையும் அகல விரித்திருந்தேன், எடைதான் கட்டவில்லை. மண்மூட்டை இல்லையென்றால் நாலு தேங்காயைச் சாக்கில் போட்டு ஸ்டாண்டில் தாழ்வாகத் தொங்கவிடுங்கள். குடையின் குழிந்த பக்கம் காற்றைப் பிடிக்கும், குவிந்த பக்கம் வழிய விடும். ஊடுருவும் குடையில் குவிந்த பக்கம்தான் ஆளைப் பார்க்கும். ஆகவே மேகாத்து அடிக்கும்போது ஆள் மேற்கே, குடை கிழக்கே. இவ்வளவுக்கும் மேலே, ஸ்டாண்டைப் பிடித்துக்கொள்ள ஒரு பையன் இருந்தால் உத்தமம்.

மண்டபத்தில் வேறு தலைவலி. வெளிச்சத்தைப் பார்த்து வெடிக்கும் முறையில் ஃபிளாஷை வைத்தால், விருந்தாளிகளின் ஃபிளாஷுக்கெல்லாம் அதுவும் சேர்ந்து அடித்துப் பேட்டரியைத் தீர்க்கும். கேமராவிலிருந்து ரேடியோ அலையால் ஃபிளாஷை வெடிக்கவைக்கும் ரேடியோ டிரிகர் வாங்கிவிடுங்கள். பெண் வீட்டார் கூட்டி வந்த குழுவும் அதே சேனலில் இருக்கலாம், முதலில் விசாரித்து மாற்றிக்கொள்ளுங்கள்.

அம்மிச்சியின் முதல் ஆறு படங்களிலும் கண் மூடியிருந்தது. தானியங்கி முறையில் ஃபிளாஷ் அளவு பார்க்க முன்னதாக ஒரு சின்ன வெட்டு வெட்டும். சிலர் அதற்கே இமைத்துவிடுவார்கள், நிஜ வெளிச்சம் வரும்போது கண் மூடிக் கிடக்கும். மேனுவலுக்கு மாற்றி எட்டில் ஒரு பங்கில் வைத்தேன். ஏழாவதில் அவர் குடையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார், இன்னும் சந்தேகம் தீராதவராக. அந்தப் படத்தைத்தான் நண்பன் வீட்டில் மாட்டியிருக்கிறார்கள்.